கூழைக்கடா பறக்க ஒரு கம்ப்யூட்டர்

கிராபிக்ஸ் கார்டு கம்ப்யூட்டர் கேபினெட்டுக்குள் போகவில்லை. ஒரு விரல் அகலம் வெளியே நின்றது.

ஜெகதீசன் சாய்த்துப் பார்த்தான். நிமிர்த்திப் பார்த்தான். பின்பக்கமாக நுழைத்துப் பார்த்தான். எப்படிப் பார்த்தாலும் அந்த ஒரு விரல் அகலம் அசையாமல் நின்றது. டிவியில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்த அம்மா கன்னியம்மாள், விளம்பரம் வந்ததும் இந்தப் பக்கம் திரும்பினாள்.

"அமுக்குடா. பீரோல துணிய வெச்சு அமுக்கறோம்ல, அந்த மாரி."

"இது துணி இல்லம்மா."

"அப்ப கொஞ்சூண்டு அறுத்துரு. உங்க கம்பெனில ரம்பம் இல்லியா இன்னா?"

கம்பெனியில் எல்லா வகை ரம்பங்களும் இருந்தன. ஆனால் ஜெகதீசன் அறுப்பதைப் பற்றி யோசிக்கவில்லை. வருத்தம் வர வேண்டிய இடத்தில் அவனுக்கு வேறு ஏதோ வந்தது. நாளைக்கு மறுபடியும் கடைக்குப் போகலாம்.

ஜெகதீசனுக்கு முப்பத்தெட்டு வயது. வீடு குத்தம்பாக்கத்தில். வேலை திருமழிசை எஸ்டேட்டில், பிளாஸ்டிக் சாமான்களுக்கு அச்சு செய்யும் ஒரு கம்பெனியில். கம்ப்யூட்டரில் மூடிகளை வரைவதுதான் அவன் வேலை. பக்கெட் மூடி, டிபன் டப்பா மூடி, ஷாம்பு பாட்டில் மூடி. வரைந்து முடித்த மூடி திரையில் மெதுவாகச் சுற்றும். முதலாளி பார்த்துத் தலையாட்டுவார். அடுத்த மூடி வரும்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் கம்பெனி வண்டியை நிறுத்திவிட்டு நின்றிருந்தபோது, ஒரு கூழைக்கடா தண்ணீரிலிருந்து எழும்புவதைப் பார்த்தான். பஸ்ஸைப் பிடிக்க ஓடும் குண்டு மனிதரைப்போல, கால்களால் தண்ணீரை அடித்து அடித்து ஓடியது. இது எங்கே பறக்கப் போகிறது என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தபோதே அதன் கனமெல்லாம் எங்கோ போய்விட்டது. தலைக்கு மேலே சத்தமில்லாமல் மிதந்து போனது. ஜெகதீசன் வண்டியைக் கிளப்ப மறந்து அங்கேயே நின்றான்.

அதை அப்படியே கம்ப்யூட்டரில் எழுப்பிப் பறக்கவிட வேண்டும் என்று ஓர் ஆசை அன்றைக்கு உள்ளே வந்து உட்கார்ந்தது. சாப்பாட்டு நேரத்தில் கம்பெனிக் கம்ப்யூட்டரில் முயன்று பார்த்தான். மூடிகளுக்கு மட்டுமே பழகிய அந்த யந்திரம் சில இறகுகளை வரைந்ததுமே உறைந்து நின்றது. பின்னால் வந்து பார்த்த முதலாளி, இது எந்தக் கஸ்டமருடைய மூடி என்று கேட்டார்.

அதற்குப் பிறகுதான் சொந்தமாக ஒன்று வேண்டும், அதையும் ஒவ்வொரு பாகமாகத் தானே பார்த்து வாங்கித் தன் கையாலேயே மாட்ட வேண்டும் என்று முடிவு செய்தான். மாதக்கணக்காக வீடியோக்கள் பார்த்தான். பிராசஸர், மதர்போர்டு, ரேம் என்று பெயர்களெல்லாம் வாயில் புரளத் தொடங்கிய பிறகு பூந்தமல்லிக்குப் போனான். டிரங்க் ரோட்டில் ஒரு ஸ்வீட் கடைக்கு மாடியில் கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் கடை இருந்தது. அங்கேதான் யுவராணி இருந்தாள்.

கடை அவளுடைய அண்ணன் ஆரம்பித்தது. அவர் துபாய்க்குப் போன பிறகு அவள் எடுத்து நடத்தினாள். வயது முப்பத்தைந்து இருக்கும். ஒருமுறை கல்யாணமாகி, வருஷம் திரும்புவதற்குள் பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டவள் என்பதைப் பின்னால் ஒரு நாள் யூசுப் பாய் சொல்லித் தெரிந்துகொண்டான். யூசுப் பாய் அந்தக் கடையின் சர்வீஸ் ஆள். பேரன் பேத்தி எடுத்தவர். மூலையில் ஸ்டூல் போட்டு, ரிப்பேருக்கு வந்ததைப் பிரித்துக்கொண்டே இருப்பார். பேசுவது குறைவு.

கடைக்கு வரும் எல்லோரிடமும் யுவராணி ஒரே கேள்வியைத்தான் கேட்பாள். கேமுக்கா, ஆபீஸ் வேலைக்கா? ஜெகதீசனிடமும் கேட்டாள்.

"ஒரு பறவையைப் பறக்க வைக்கணும்," என்றான் அவன்.

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு பைத்தியக்காரத்தனமாகக் கேட்கிறது என்று அவனுக்கு உறைத்தது. ஆனால் அவள் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தாள்.

"எந்தப் பறவை?"

அந்த ஒரு கேள்வியோடு ஜெகதீசனின் கதை முடிந்தது. அதற்கு மேல் அவள் காட்டிய மதர்போர்டு எதுவும் அவன் கண்ணில் படவில்லை.

ஆனால் அன்றைக்கே ஒரு பெரிய தப்பும் நடந்துவிட்டது. கடையென்றால் சொல்லிப் பழகிய வாய், கிளம்பும்போது "வரேன் சிஸ்டர்" என்று சொல்லிவிட்டது. படி இறங்குவதற்குள்ளேயே அந்த வார்த்தைக்காகத் தன்னைத் திட்டிக்கொள்ள ஆரம்பித்தவன், இன்னும் நிறுத்தவில்லை. அடுத்த தடவையிலிருந்து அவளை எந்த முறையும் சொல்லிக் கூப்பிடாமல், "வந்து... அது..." என்றே பேச்சைத் தொடங்கினான். அவளோ கடைக்கு வரும் ஆண்கள் அத்தனை பேரையும் அண்ணா என்பவள், இவனை மட்டும் சார் என்றாள். இது நல்லதா கெட்டதா என்று பஸ்ஸில் போகும்போதெல்லாம் யோசிப்பான்.

ஆக, கார்டு நுழையாத அந்தக் கேபினெட்டைத் தூக்கிக்கொண்டு மறுநாள் போனான். வேலை முடிந்து வீட்டுக்குப் போக மேற்கே பஸ் ஏற வேண்டியவன் கிழக்கே ஏறினான். யுவராணி கார்டையும் கேபினெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"கார்டு நீளம் சார். நான் பாத்துக் குடுத்திருக்கணும்."

தான்தான் அவசரப்பட்டுவிட்டதாக ஜெகதீசன் சொன்னான். இல்லை, தன் தப்புதான் என்றாள் அவள். இருவரும் தப்புக்காகக் கொஞ்ச நேரம் சண்டை போட்டார்கள். அவனுக்கு அது பிடித்திருந்தது. கடைசியில் அவள் வேறொரு பெரிய கேபினெட்டை எடுத்துக் கொடுத்தாள். மாற்றிக் கொடுப்பதற்கு எதுவும் வேண்டாம் என்றாள்.

"அட்டைப்பெட்டிய மட்டும் தூக்கிப் போட்டுடாதீங்க சார். திரும்ப வர்றப்போ வேணும்."

திரும்ப வருகிறபோது. அந்த இரண்டு வார்த்தைகளை அவன் வீடு வரைக்கும் சொல்லிக்கொண்டே போனான்.

புதுக் கேபினெட் அவன் இடுப்புக்கு வந்தது. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார வைத்திருந்தான். இவங்களும் உங்க கூட வந்தவங்களா என்று கண்டக்டர் கேட்டார். வீட்டில் அதை வைப்பதற்கு ஒரே இடம் டிவி மேஜைதான். டிவி சமையலறைக்குப் போனது. கன்னியம்மாள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே சீரியல் பார்க்க ஆரம்பித்தாள். அவள் எதற்காக அழுகிறாள் என்று அதற்குப் பிறகு யாராலும் சொல்ல முடியவில்லை.

கார்டு இப்போது தாராளமாக உள்ளே போனது. ஆனால் கேபினெட் பெரிதாகிவிட்டதால் பவர் சப்ளையின் ஒயர்கள் எட்டவில்லை. மறுபடியும் கிழக்கே பஸ். நீள ஒயர் உள்ள பவர் சப்ளை வந்தது. அதை மாட்டினால், பிராசஸர் சூடாகாமல் இருக்க அவள் எடுத்துக் கொடுத்திருந்த கூலர் கோபுரம் மாதிரி உயர்ந்து நின்றது. பக்கத்துத் தகட்டை மூட முடியவில்லை. திறந்து கிடந்த கம்ப்யூட்டரின் மேல் கன்னியம்மாள் ஒரு பழைய புடவையைப் போர்த்தினாள். வருகிறவர்கள் எல்லாம் யாருக்கு உடம்பு சரியில்லை என்று விசாரித்தார்கள்.

கூலரோடு போனபோது மழை பிடித்துக்கொண்டது. கடையில் வேறு ஆளில்லை. யூசுப் பாய் ஒரு லேப்டாப்புக்குள் முகத்தை வைத்திருந்தார். யுவராணி டீ வரவழைத்தாள். றெக்கை முடிந்துவிட்டதா என்று கேட்டாள். சாப்பாட்டு நேரத்தில், கம்பெனிக் கம்ப்யூட்டர் உறைந்துவிடாதபடி ஒவ்வோர் இறகாகச் செய்துகொண்டு வருவதை அவன் சொன்னான். அவள் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாள்.

"நான் பொறந்து வளந்ததே பூந்தமல்லிதான் சார். இவ்ளோ கிட்ட ஏரி இருக்கு. ஒரு தடவகூட அந்தப் பறவை எழும்பிப் பாத்ததில்ல. காலைல கடையத் தொறந்தா ராத்திரி சாத்தறதுக்குத்தான் வெளிய வர்றேன்."

ஒரு நாள் வாங்க, நான் காட்டுகிறேன். இதுதான் சொல்ல வேண்டியது. தொண்டை வரைக்கும் வந்தது. ஜெகதீசன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வாயைத் திறந்தான்.

"எஸ்எஸ்டில எது நல்லாயிருக்கும்?" என்றான்.

அப்படி ஒரு எஸ்எஸ்டி வாங்கினான். அதற்குப் பிறகு இதுவே வழக்கமாகிவிட்டது. மனசில் உள்ளதைச் சொல்லப் போகும்போதெல்லாம் வாய் ஏதாவது ஒரு பாகத்தின் பெயரைச் சொன்னது. நீங்கள் இல்லாத நாளில் கடையே இருட்டாக இருக்கிறது என்று சொல்லப் போய் ஒரு மானிட்டர் வாங்கினான். இன்றைக்கு உங்கள் புடவை நன்றாக இருக்கிறது என்பது கேபினெட்டுக்குள் வைக்கும் மின்விசிறி ஆனது. புடவைகள் பல இருந்ததால் மின்விசிறிகளும் பல ஆயின.

கம்ப்யூட்டர் மட்டும் ஆகவில்லை. எதை மாட்டினாலும் இன்னொன்று பொருந்தவில்லை. ரேமில் வெட்டு ஓரிடத்தில் இருந்தது, போர்டில் மேடு வேறிடத்தில் இருந்தது. போர்டைக் கழற்றி மறுபடியும் அதன் பெட்டியிலேயே வைத்தான். திரும்பப் போகும்போது வேண்டும் என்பதால் ஓர் அட்டைப்பெட்டியைக்கூட அவன் தூக்கிப் போடவில்லை. கட்டில் மேல், பீரோ மேல், நாற்காலி மேல் என்று வீடெல்லாம் பெட்டிகள். ஜெகதீசன் கடை வைக்கப் போகிறானா என்று தெருவில் பேச்சு வந்தது. உண்மையில் அவனுக்கு எந்த அவசரமும் இல்லாமல் போயிருந்தது. கூழைக்கடா பறக்க வேண்டும். ஆனால் அது பறந்துவிட்டால் பூந்தமல்லிக்குப் போவதற்கு என்ன காரணம் இருக்கிறது?

இந்த நேரத்தில்தான் கன்னியம்மாள் மகனுக்குச் சொல்லாமல் ஓர் இடம் பார்த்தாள். ஆவடி குவார்ட்டர்ஸில் இருக்கும் குடும்பம். பெண்ணின் அப்பா ஃபேக்டரியில் ஃபோர்மேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க அவரும் தரகரும் வந்து நின்றார்கள்.

வீட்டுக்குள் நுழைந்த தரகர், காலி பண்றீங்களா என்று கேட்டார். உட்கார இடமில்லை. பெண்ணின் அப்பா நல்ல பாரமான மனிதர். கால் வலி வேறு. கன்னியம்மாள் நாற்காலியிலிருந்த பெட்டிகளை எடுக்கப் போவதற்குள், கட்டில் மேல் தட்டையாக இருந்த ஒரு பெட்டியின் மேல் அவர் உட்கார்ந்துவிட்டார். மளுக் என்று ஒரு சத்தம் வந்தது. உள்ளே பிஸ்கட் ஏதாவது இருந்ததா என்று அவர் சங்கடத்தோடு கேட்டார்.

உள்ளே இருந்தது மதர்போர்டு.

அன்று மாலையே தரகரிடமிருந்து பதில் வந்தது. பையன் நல்ல பையன்தான். ஆனால் நாங்களே உட்கார முடியாத வீட்டில் எங்கள் பெண் எங்கே உட்காருவாள்? கன்னியம்மாள் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினாள்.

"அந்தப் பொட்டிங்களோட குடும்பம் நடத்துடா. நான் இன்னா சொல்றது."

ஜெகதீசன் உடைந்த போர்டோடு பூந்தமல்லிக்குப் போனான். யுவராணி அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். நடுவில் கீறல் விட்டிருந்தது. எப்படி என்று கேட்டாள். அவனுக்குப் பொய் சொல்ல வராது.

"பொண்ணு வீட்டுக்காரரு மேல உக்காந்துட்டாரு."

"எந்தப் பொண்ணு?"

"அம்மா பாத்த பொண்ணு. ஊடு பாக்க வந்தாங்க."

அவள் சற்று நேரம் அந்தக் கீறலையே பார்த்தாள். பிறகு, நல்லது சார் என்றாள். அந்த இடம் அன்றைக்கே தட்டிப் போய்விட்டது என்று அவன் சொல்லியிருக்க வேண்டும். சொல்வதற்குள் பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு ஒருவர் வந்தார். அவர் போன பிறகும் சொல்லியிருக்கலாம். ஆனால் அது நின்றுபோனதை ஏன் அவளிடம் போய்ச் சொல்ல வேண்டும்? சொன்னால் அடுத்து இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கும்.

யுவராணி நிமிர்ந்தபோது அவள் குரல் கடைக்காரரின் குரலாகியிருந்தது.

"இனிமே நீங்க அலைய வேணாம் சார். எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க. இங்கயே வெச்சு மாட்டிடலாம். கல்யாண வீட்டுல பொட்டியா கெடக்கக் கூடாது."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஓர் ஆட்டோ நிறைய எல்லாவற்றையும் கொண்டுபோனான். யுவராணி அவனுக்கு முன்னால் அலமாரியைத் திறந்து புது மதர்போர்டு, சரியான ரேம், குட்டையான கூலர் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். ஒன்றுக்கொன்று அப்படிப் பொருந்தின. ஒரு பாகம்கூட இடிக்கவில்லை, முட்டவில்லை. ஜெகதீசன் தன் கையாலேயே மாட்டினான். அவள் டார்ச் பிடித்தாள். அவன் திருகு கேட்டால் கொடுத்தாள். ஒருமுறை இருவர் கையும் ஒரே திருகைத் தேடி மேஜையில் பட்டுக்கொண்டன. இருவரும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள்.

பட்டனை அழுத்தினான். மின்விசிறிகள் சுழன்றன. விளக்குகள் எரிந்தன.

பென் டிரைவில் கொண்டுவந்திருந்த கூழைக்கடாவை அவன் ஓடவிட்டான். அது தண்ணீரை அடித்து அடித்து ஓடியது. கடைசியில் எழும்பியது. திரையின் ஓரம் வரைக்கும் மிதந்து போய் மறைந்தது. இன்னொரு தடவை போடச் சொன்னாள் யுவராணி. போட்டான். அதற்கப்புறம் அவளே மவுஸை வாங்கி மறுபடியும் ஓடவிட்டாள்.

"இவ்ளோ கனத்த வெச்சுகிட்டு எப்படித்தான் எழும்புதோ," என்றாள் திரையைப் பார்த்தபடியே.

ஜெகதீசனுக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. தெரிந்திருந்தால் அவனே எழும்பியிருப்பான்.

"அவ்ளோதான் சார். இனிமே உங்களுக்கு இங்க ஒண்ணும் தேவப்படாது," என்றாள் அவள்.

அவன் கீழே போய் ஆட்டோ கூப்பிட்டுவிட்டு வந்தான். அதற்குள் அவள் தகட்டை மூடித் திருகி, கேபினெட்டைத் துடைத்து வைத்திருந்தாள். அன்றைக்கு ஆட்டோக்காரர் குத்தம்பாக்கம் வரைக்கும் ஏதேதோ பேசிக்கொண்டு வந்தார். ஒன்றும் அவன் காதில் விழவில்லை.

வீட்டில் டிவி மேஜையின் மேல் கம்ப்யூட்டரை வைத்தான். பெட்டிகளையெல்லாம் மடித்துக் கட்டினான். வீடு பெரிதாகத் தெரிந்தது. கன்னியம்மாள் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, பிறகு எழுந்து அடுத்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள். ஏண்டா, போடலியா என்று கேட்டாள். அப்புறம் என்றான். பட்டனை அழுத்தினால் கம்ப்யூட்டர் ஓடும். ஓடினால் எல்லாம் முடிந்துபோகும். விரலை அதன் பக்கத்தில்கூடக் கொண்டுபோக அவனுக்கு மனம் வரவில்லை.

ஜெகதீசன் இதுவரை கம்பெனியிலிருந்து ஒரு பென்சில்கூட வீட்டுக்கு எடுத்து வந்ததில்லை. அப்பேர்ப்பட்டவன், அம்மா சமையலறைக்குள் போன சமயம் பார்த்துத் தகட்டைக் கழற்றினான். ரேமை ஒரு பக்கமாகப் பிடித்து நெம்பினான். மறுபடியும் தகட்டை மூடினான்.

மறுநாள் லீவு போட்டுவிட்டுக் கம்ப்யூட்டரோடு மாடிப்படி ஏறினான். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தான். ஆனால் மேஜைக்குப் பின்னால் யுவராணி இல்லை. யூசுப் பாய் மட்டும்தான் இருந்தார்.

"கீழ பூ வாங்கப் போயிருக்கு. இப்ப வந்துரும். இன்னா ஆச்சு?"

"ஆன் ஆகல பாய்."

பாய் கேபினெட்டை வாங்கி மேஜை மேல் வைத்தார். தகட்டைக் கழற்றிக்கொண்டே, கல்யாணம் எப்போ என்று விசாரித்தார். அது வீடு பார்க்க வந்த அன்றைக்கே நின்றுபோய்விட்டது என்று ஜெகதீசன் சொன்னான். ஒரு வாரமாகத் தொண்டையில் நின்றிருந்தது, பாயிடம் இவ்வளவு சுலபமாக வந்ததில் அவனுக்கே ஆச்சரியம்.

பாய் கையை நிறுத்திவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார். உள்ளே குனிந்தார். பார்த்ததுமே ரேமின் மேல் விரலை வைத்து அழுத்தினார். டக் என்று உட்கார்ந்தது. ஜெகதீசன் சுவரைப் பார்த்தான். பாய் பட்டனை அழுத்தினார்.

ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும் அழுத்தினார். மின்விசிறி அசையவில்லை.

ஜெகதீசன் கேபினெட்டுக்குள் எட்டிப் பார்த்தான். உண்மையாகவே எதையோ உடைத்துவிட்டோமா?

"நான் ரேம மட்டும்தான பாய் கழட்டினேன்," என்று சொல்லிவிட்டு, சொல்லிவிட்டோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டான்.

பாய் ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. கேபினெட்டைத் திருப்பி, பின்பக்கத் தகட்டையும் திறந்தார். உள்ளேயிருந்து ஒரு மெல்லிய ஒயரை விரலால் வெளியே இழுத்துக் காட்டினார். பட்டனிலிருந்து போர்டுக்குப் போக வேண்டிய ஒயர். யாரோ அதைப் பிடுங்கி, அழகாக மடித்து, வெளியே தெரியாதபடி ஓர் ஓரத்தில் செருகி வைத்திருந்தார்கள். படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. பாய் ஒயரை மறுபடியும் இருந்த இடத்திலேயே செருகிவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"ரேமு நீ கழட்டினது, இந்த ஒயரு, நேத்து நீ ஆட்டோ கூப்பிடப் போனப்போ நம்ம யுவராணி கழட்டினது. பின்ன, எத்தினி தபாதான் நைனா அதுவும் உனக்கு வேணும்னே தப்புத் தப்பா சாமான் எடுத்துக் குடுத்துகினு இருக்கும்?"